இரண்டு முறை வந்த ஒரு வரி

2014 பிப்ரவரி 21ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்காக ஐஓஎஸ் 7.0.6 என்ற சின்னப் புதுப்பிப்பை வெளியிட்டது. கூடவே வந்த விளக்கம் இரண்டு மூன்று வரிதான். ஆனால் சம்பந்தப்பட்ட மூல நிரலை ஆப்பிளே முன்பு பொதுவில் வைத்திருந்தது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதைத் திறந்து பார்த்தார்கள். கூகுளில் பணியாற்றிய ஆடம் லாங்லி உள்ளிட்டோர் உடனே காரணத்தைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். 'கோ-டூ ஃபெயில்', அதாவது 'ஃபெயில் என்ற இடத்துக்குப் போ' என்று ஆணையிடும் ஒரு வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு முறை இருந்தது.

நம் போன் ஒரு வங்கியின் தளத்தோடு பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும்போது, எதிரே இருப்பது வங்கிதானா என்று அதன் மின்னணுக் கையெழுத்தைச் சரிபார்க்கிறது. அந்தச் சரிபார்ப்பைச் செய்யும் ஃபங்ஷனில் பல படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்குப் பின்னும் 'இதில் பிழை வந்தால் ஃபெயிலுக்குப் போ' என்று எழுதியிருந்தார்கள். சி மொழியில் 'இப்படி இருந்தால்' என்ற நிபந்தனைக்குப் பின் அடைப்புக்குறி போடாவிட்டால், அடுத்து வரும் ஒரே ஒரு கட்டளைதான் நிபந்தனைக்குக் கட்டுப்படும். ஓரிடத்தில் மட்டும் 'ஃபெயிலுக்குப் போ' இரண்டு முறை வந்துவிட்டது. முதலாவது நிபந்தனைக்குள் அடங்கியது. இரண்டாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் தனியாக நின்றது. நிரல் அந்த இடத்துக்கு வந்ததும் பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபெயிலுக்குத் தாவிவிடும்.

கையெழுத்தை உண்மையில் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டளை அதற்கும் கீழே இருந்தது. அதுவரை நிரல் போய்ச் சேரவே இல்லை. தாவும் நேரத்தில் பிழையைக் குறித்துவைக்கும் மாறியில் பூஜ்யம் இருந்தது. பூஜ்யம் என்றால் பிழை இல்லை என்று பொருள். ஆக, கையெழுத்தைப் பார்க்காமலேயே 'எல்லாம் சரி' என்ற பதிலோடு அந்த ஃபங்ஷன் திரும்பியது. ஒரே வைஃபையில் இருக்கும் யாராவது நடுவில் புகுந்து, நானே உன் வங்கி என்று சொன்னால் போன் நம்பிவிடும். மேக் கணினிகளிலும் இதே பிழை இருந்தது. அவற்றுக்கான திருத்தம் நான்கு நாள் கழித்து, 25ஆம் தேதிதான் வந்தது.

அந்த இரண்டாவது வரி எப்படி நுழைந்தது என்பதைவிட, அது எப்படித் தப்பியது என்பதுதான் இங்கே முக்கியம். அடைப்புக்குறி இல்லை; இது நடைக் குறை. வரி இரட்டித்திருக்கிறது, இது நகல். அதற்குக் கீழே உள்ள பகுதி ஒருபோதும் ஓடாது; இது இறந்த நிரல். இந்த மூன்றையும் கண்டுபிடிக்க நிரலை ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. எழுதியதை எழுதியபடி ஒருமுறை கவனமாகப் படித்தாலே போதும். மனிதருக்குக் கடினமாக இருப்பது அந்தக் 'கவனமாக' என்பதுதான். அந்த ஃபங்ஷனில் 'பிழை வந்தால் ஃபெயிலுக்குப் போ' என்ற அமைப்பு வரிக்கு வரி திரும்பத் திரும்ப வருகிறது. நான்காவது முறை பார்க்கும்போது கண் படிப்பதில்லை, ஊகிக்கிறது. வரி முடிவில் வந்த சொல் அடுத்த வரித் தொடக்கத்திலும் இரட்டித்து வந்தால் அனுபவமுள்ள மெய்ப்புத் திருத்துநரும் தவறவிடுவது இதனால்தான். எந்திரம் ஊகிப்பதில்லை. பத்தாயிரமாவது வரியையும் முதல் வரியைப் படித்த அதே கவனத்தோடுதான் படிக்கும்.

இந்த வேலையை எந்திரத்திடம் கொடுக்கும் எண்ணம் புதிதல்ல. 1978இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழி நிரல்களுக்காக 'லின்ட்' என்ற கருவியை எழுதினார். கம்பைலரின் வேலை நிரலைச் சீக்கிரம் எந்திர மொழிக்கு மாற்றித் தருவது. நிரலாளர் எழுதியது விதிப்படி செல்லுமா என்று மட்டும் அது பார்க்கும். எழுதியது புத்திசாலித்தனமா என்று கேட்காது. லின்ட் அந்தக் கேள்வியைக் கேட்டது. மதிப்பே கொடுக்காத மாறியைப் பயன்படுத்துகிறாயே, ஒரு ஃபங்ஷனை எழுதிவிட்டு எங்குமே அழைக்கவில்லையே, வேறொரு கணினிக்குக் கொண்டுபோனால் இது ஓடாதே என்று அது சுட்டிக்காட்டியது. யூனிக்ஸ் இயங்குதளத்தை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்த்துக்கொண்டிருந்த காலம் அது. அதனால் கடைசிக் கேள்விக்கு அப்போது மதிப்பு மிக அதிகம். இன்று ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஈஎஸ்லின்ட், பைத்தானுக்குப் பைலின்ட், ஜாவாவுக்குச் செக்ஸ்டைல், பிஎம்டி என்று மொழிக்கு மொழி கருவிகள் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் பொதுவாக லின்டர் என்றே அழைக்கிறார்கள்.

லின்டர் சொல்லும் பலவற்றைப் பார்த்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. வரி 79 எழுத்தைத் தாண்டிவிட்டது, காற்புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லை, மாறியின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறது என்று பட்டியல் நீளும். நிரல் ஓடுகிறதே, அப்புறம் இதெல்லாம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. 79 என்ற எண்ணில் தெய்வீகம் ஒன்றும் இல்லை. பைத்தான் மொழிக்காரர்கள் 2001இல் எழுதிவைத்த பெப் 8 என்ற நடைக் கையேட்டில் அந்த எண் இருக்கிறது. வேறு குழுக்கள் 100, 120 என்று வைத்திருக்கின்றன. எந்த எண் என்பது முக்கியமில்லை, எல்லோருக்கும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். பத்துப் பேர் எழுதிய நிரல் ஒருவர் எழுதியதுபோல் இருந்தால், படிப்பவர் கண் அமைப்பில் சிக்காமல் நேராகப் பொருளுக்குப் போகும். கோ மொழியை உருவாக்கியவர்கள் இன்னும் ஒரு படி போய், ஜிஓஎஃப்எம்டி என்ற கருவியை மொழியோடு சேர்த்தே கொடுத்தார்கள். நீங்கள் எப்படி எழுதினாலும் அது ஒரே அமைப்பில் மாற்றி அடுக்கிவிடும். அடைப்புக்குறியை எங்கே போடுவது என்ற சண்டைக்கே அங்கே வேலையில்லாமல் போயிற்று. எனக்கு இந்த வழி மிகவும் பிடித்தமானது. எந்திரம் தானே சரிசெய்யக்கூடிய ஒன்றைச் சுட்டிக்காட்டி, மனிதரை உட்கார்ந்து திருத்தச் சொல்வது நேர விரயம்.

ஆனால் நடைக் குறை எப்போதும் அழகு பற்றியதாக மட்டும் இருப்பதில்லை. ஆப்பிள் நிரலில் இரண்டாவது 'ஃபெயிலுக்குப் போ' முதல் வரிக்கு நேர்கீழே, அதே அளவு உள்தள்ளி இருந்தது. பார்ப்பவருக்கு இரண்டும் நிபந்தனைக்குள் இருப்பதுபோல் தோன்றும். சி கம்பைலர் உள்தள்ளலைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மனிதர் ஒன்றைப் படிக்கிறார், எந்திரம் வேறொன்றைப் படிக்கிறது. 2016இல் வெளிவந்த ஜிசிசி 6 கம்பைலரில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தார்கள். உள்தள்ளல் சொல்வதும் நிரல் செய்வதும் வேறுபட்டால் அது குரல் கொடுக்கும். ஆப்பிள் பயன்படுத்திய கிளாங் கம்பைலரில், ஓடவே முடியாத நிரலைக் காட்டும் எச்சரிக்கை முன்பே இருந்தது. ஆனால் 'எல்லா எச்சரிக்கையும்' என்று கேட்டால் கிடைக்கும் தொகுப்பில் அது சேரவில்லை. தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

நடைக் குறையைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் எளிது. நகல் நிரலைக் கண்டுபிடிப்பதுதான் கணினி அறிவியல்காரர்களை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஈர்த்துவருகிறது. காப்பி-பேஸ்ட் செய்யாத புரோகிராமர் கிடையாது. ஒரு பகுதி நன்றாக ஓடுகிறது, அதே போன்ற வேலை இன்னோரிடத்தில் தேவைப்படுகிறது, எடுத்து ஒட்டிப் பெயர்களை மாற்றிவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது. ஆய்வாளர்கள் இந்த நகல்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். இடைவெளியும் குறிப்புரையும் தவிர எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பது முதல் வகை. மாறிகளின் பெயரும் எண்களும் மட்டும் மாறியது இரண்டாவது. நடுவில் சில வரிகள் சேர்ந்தோ நீங்கியோ இருப்பது மூன்றாவது. எழுத்தில் ஒற்றுமையே இல்லாமல் செய்யும் வேலை மட்டும் ஒன்றாக இருப்பது நான்காவது. முதல் வகையைப் பிடிப்பது சுலபம், நான்காவதை முழுமையாகப் பிடிப்பது இயலாத காரியம். இரண்டு நிரல்கள் எல்லாச் சூழலிலும் ஒரே வேலையைத்தான் செய்யும் என்று எந்த நிரலுக்கும் பொருந்துமாறு தீர்ப்புச் சொல்லும் கருவியை எழுதவே முடியாது என்பது கணித ரீதியாக நிறுவப்பட்ட விஷயம்.

சாதாரண அளவு நிரலிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. பத்து லட்சம் வரி உள்ள ஒரு மென்பொருளில் ஒவ்வொரு வரியையும் மற்ற எல்லா வரிகளோடும் ஒப்பிட்டால் ஏறத்தாழ ஐம்பதாயிரம் கோடி ஒப்பீடுகள் ஆகும். இதைத் தவிர்க்கும் வழி ஒன்று பிஎம்டி தொகுப்பில் உள்ள சிபிடி என்ற கருவியில் இருக்கிறது. அது முதலில் நிரலை டோக்கன்களாக உடைக்கிறது. ஒரு சொல், ஒரு குறி, ஓர் எண் எல்லாம் தனித்தனி டோக்கன். பிறகு, நூறு டோக்கன் என்று வைத்துக்கொள்வோம், அந்த நீளத்தில் ஒரு சாளரத்தை நிரலின் மேல் நகர்த்திக்கொண்டே போகிறது. சாளரத்துக்குள் தெரியும் நூறு டோக்கன்களையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சுருக்குகிறது. ஒரு டோக்கன் தள்ளி நகரும்போது எண்ணை மறுபடி முதலிலிருந்து கணக்கிட வேண்டியதில்லை. வெளியே போன டோக்கனின் பங்கைக் கழித்து, உள்ளே வந்ததன் பங்கைக் கூட்டினால் போதும். ஒரே எண் இரண்டு இடங்களில் வந்தால் அந்த இரண்டு இடங்களை மட்டும் நேருக்கு நேர் ஒப்பிடலாம். ரிச்சர்ட் கார்ப், மைக்கேல் ராபின் இருவரும் 1987இல் வெளியிட்ட முறை இது. சாதாரண உரையில் சொல் தேடுவதற்காகச் செய்தது இங்கே கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

பெயர் மாற்றி ஒட்டியதை எப்படிப் பிடிப்பது? எல்லா மாறிகளையும் 'பெயர்' என்ற ஒரே சொல்லாக மாற்றிவிட்டு ஒப்பிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் சம்பந்தமே இல்லாத வரிகளும் ஒன்றாகத் தெரியும். பெல் ஆய்வகத்தின் பிரெண்டா பேக்கர் 1990களில் எழுதிய 'டப்' என்ற கருவியில் இதற்கு ஓர் அழகான தீர்வு வைத்திருந்தார். ஒரு மாறி முதல் முறை வந்தால் பூஜ்யம் என்று குறி. மறுபடி வந்தால், முன்பு வந்த இடத்திலிருந்து எத்தனை டோக்கன் தள்ளி வருகிறது என்பதைக் குறி. 'அ = அ + ஆ' என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அ பூஜ்யம். அடுத்த அ இரண்டு டோக்கன் தள்ளி வருவதால் 2. ஆ புதிது, அதனால் பூஜ்யம். '0 = 2 + 0' என்று கிடைக்கிறது. 'இ = இ + ஈ' என்று பெயரை மாற்றினாலும் அதே '0 = 2 + 0' தான் வரும். 'இ = ஈ + இ' என்றால் '0 = 0 + 4' ஆகிவிடும், அது வேறு. பெயர்களைத் துடைத்துவிட்டு, பெயர்களுக்கு இடையே உள்ள உறவை மட்டும் காப்பாற்றுகிறது இந்தக் குறியீடு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளில் அதை ஓட்டிப் பார்த்து, வேகமாகவும் பயனுள்ளதாகவும் இருந்ததாக அவர் 1995இல் எழுதினார். வேறு சிலர் நிரலை இலக்கண மரமாக மாற்றி, மரத்தின் கிளைகளை ஒப்பிடுகிறார்கள். அது இன்னும் நுட்பமானது, மெதுவானதும்கூட.

சரி, நகல் இருந்தால் என்ன நஷ்டம்? லினக்ஸில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஸ்பார்க்64 வகைக் கணினிகளில் நினைவகத்தைக் கணக்கெடுக்கும் பகுதி ஒன்று லினக்ஸ் 2.6 வரிசையில் இருந்தது. மொத்த நினைவகத்துக்கு ஒரு பட்டியல். கணினியின் அடிப்படை நிரல் தனக்கென எடுத்துக்கொண்ட நினைவகத்துக்கு இன்னொரு பட்டியல். முதல் பட்டியலை நிரப்ப ஒரு சுழற்சி எழுதினார்கள். அதில் மூன்று கட்டளைகள்: தொடக்க முகவரியை எழுது, அளவை எழுது, அடுத்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று காட்டு. இந்தச் சுழற்சியைக் காப்பி செய்து கீழே ஒட்டி, முதல் பட்டியலின் பெயரை இரண்டாவது பட்டியலின் பெயராக மாற்றிக்கொண்டே வந்தார்கள். மூன்றாவது கட்டளையின் வலப்பக்கத்தில் மட்டும் மாற்ற விட்டுப்போயிற்று. விளைவாக, இரண்டாவது பட்டியலின் உறுப்புகள் அடுத்ததாக முதல் பட்டியலின் உறுப்புகளைக் காட்டிக்கொண்டிருந்தன. கம்பைலருக்கு இதில் குற்றம் எதுவும் தெரியாது. இரண்டு பட்டியலும் ஒரே வகை, இரண்டு பெயரும் செல்லுபடியாகும்.

இதைப் பிடித்தது சிபி-மைனர் என்ற கருவி. இலினாய் பல்கலைக்கழகத்தின் ஷென்மின் லீ, ஷான் லூ, யுவான்யுவான் ஷோ முதலியோர் 2004இல் அதை வெளியிட்டார்கள். லினக்ஸ் முழுவதையும் இருபது நிமிடத்துக்குள் படித்து, ஏறத்தாழ 1,90,000 நகல் துண்டுகளை அது கண்டுபிடித்தது. பிறகு ஒவ்வொரு நகல் ஜோடியிலும் பெயர்கள் சீராக மாறியிருக்கின்றனவா என்று பார்த்தது. ஒரு பெயரைப் பல இடங்களில் மாற்றி ஓரிடத்தில் மட்டும் விட்டிருந்தால், அது மறதியாக இருக்கலாம் என்று சந்தேகம். இப்படி லினக்ஸில் 28 பிழைகளும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளத்தில் 23 பிழைகளும் கிடைத்தன. பெரும்பாலானவை அதுவரை யாருக்கும் தெரியாதவை. நிரலாளரின் மனத்தில் என்ன இருந்தது என்பது எந்திரத்துக்குத் தெரியாது. ஆனால் அவர் செய்த மற்ற மாற்றங்களிலிருந்து அவர் செய்ய நினைத்ததை அதனால் அனுமானிக்க முடிகிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த எண்ணம் இதுதான்.

மறந்துபோன இடம் சுழற்சியின் கடைசிக் கட்டளை என்பதையும் கவனியுங்கள். மோரிட்ஸ் பெல்லர், ஆண்டி ஜெய்ட்மன், ஆண்ட்ரே கார்பவ் மூவரும் 2015இல் 208 திறமூலத் திட்டங்களைப் பார்த்து, சின்னஞ்சிறு நகல்களில் நேர்ந்த 202 பிழைகளை ஆராய்ந்தார்கள். ஒன்றுபோல் இருக்கும் சில வரிகளில் பிழை பெரும்பாலும் கடைசி வரியில்தான் உட்கார்ந்திருந்தது. வேலை முடியப்போகிறது என்று மனம் அடுத்த வேலைக்குத் தாவும் இடம் அது என்று தோன்றுகிறது.

இதைவிடப் பெரிய நஷ்டம் நாளடைவில் வருகிறது. ஒரு கணக்கு ஐந்து இடங்களில் நகலாகி இருக்கிறது, அதில் ஒரு பிழை தெரியவருகிறது, மூன்று இடங்களில் திருத்துகிறார்கள், மற்ற இரண்டு இருப்பதே திருத்துபவருக்குத் தெரியாது. ஜெர்மனியின் மூனிக் ரீ, எல்வி 1871 ஆகிய காப்பீட்டு நிறுவனங்களின் மென்பொருள்களை எல்மர் யூர்கன்ஸும் சக ஆய்வாளர்களும் 2009இல் ஆராய்ந்தார்கள். நகல்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இடங்களைக் காட்டி, இது தெரிந்து செய்ததா என்று அந்த மென்பொருளை எழுதியவர்களிடமே கேட்டார்கள். தெரியாமல் நேர்ந்த மாறுபாடுகளில் ஏறக்குறைய இரண்டில் ஒன்று பிழையாகவே இருந்தது.

அதற்காக எல்லா நகலையும் ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் கோரி காப்சர், மைக்கேல் காட்ஃப்ரே இருவரும் 2006இல் அப்படி ஒழிப்பதற்கு எதிராகவே வாதிட்டார்கள். ஒரு வன்பொருளுக்கு அதை இயக்கும் டிரைவர் நிரல் எழுதியிருக்கிறது; அதே குடும்பத்தில் புதிய வன்பொருள் வருகிறது. பழைய டிரைவரைத் தொட்டால், அதை நம்பி ஓடும் கணினிகளில் எது கெடும் என்று சோதிக்கப் பழைய வன்பொருள் கையில் இல்லை. அங்கே நகல் எடுத்துத் தனியாக வளர்ப்பதே பொறுப்பான செயல். இன்று ஒன்றாகத் தெரியும் இரண்டு கணக்குகள் நாளை வெவ்வேறு காரணங்களுக்காக மாறக்கூடும். மாணவர் கட்டணமும் விடுதிக் கட்டணமும் தற்செயலாக ஒரே சூத்திரத்தில் இருப்பதால் மட்டும் அவற்றை ஒன்றாக்கிவிட்டால், அடுத்த ஆண்டு பிரிக்க வேண்டியிருக்கும். கருவி ஒற்றுமையைக் காட்டும். இரண்டும் ஒரே காரணத்துக்காக மாறுமா என்பதை, அந்தத் தொழில் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

கருவியை வாங்கி வைத்துவிட்டால் குறைகள் குறைந்துவிடுவதும் இல்லை. பழைய நிரலில் முதல் முறை ஓட்டும்போது பல்லாயிரம் எச்சரிக்கைகள் கொட்டும். அவ்வளவையும் பார்த்து மலைத்து, யாரும் ஒன்றையும் படிக்காமல் விட்டுவிடுவார்கள். ஃபேஸ்புக்கில் இன்ஃபர் என்ற பகுப்பாய்வுக் கருவியை உருவாக்கியவர்கள் 2019இல் எழுதிய அனுபவம் இதற்கு நல்ல சான்று. அது நடையைப் பார்க்கும் கருவி அல்ல, பிழை தேடும் கருவி. ஆனால் பாடம் இரண்டுக்கும் பொருந்தும். இரவில் கருவியை ஓட்டி, கண்ட பிழைகளைப் பட்டியலாகப் புரோகிராமர்களுக்கு ஒதுக்கியபோது ஏறத்தாழ யாரும் திருத்தவில்லை. அதே கருவியின் அதே வகை முடிவுகளை, ஒருவர் மாற்றம் செய்து ரிவ்யூவுக்கு அனுப்பும் அந்த நேரத்திலேயே காட்டியபோது 70 சதவீதம் திருத்தப்பட்டன. மாறியது நேரம் ஒன்றுதான். நிரல் மனத்தில் சூடாக இருக்கும்போது சொன்னால் திருத்த ஐந்து நிமிடம், மூன்று வாரம் கழித்துச் சொன்னால் மறுபடி எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திக்கொள்ளவே அரை நாள். கூகுள் இன்னொரு பக்கத்திலிருந்து இதை அணுகியது. புரோகிராமர்கள் 'இது எனக்குப் பயனில்லை' என்று தள்ளும் எச்சரிக்கைகள் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் அந்தச் சோதனையைச் சரிசெய்ய வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டது. கருவி சொல்வது கணித ரீதியாகச் சரியா என்று அவர்கள் கேட்கவில்லை. அதைக் கேட்டு யாராவது எதையாவது செய்தார்களா என்று கேட்டார்கள்.

அதனால் பழைய, பெரிய நிரல் வைத்திருக்கும் குழுவுக்கு நடைமுறையில் ஒத்துவரும் வழி, பழையதை அப்படியே விட்டு, இன்று முதல் சேரும் வரிகளுக்கு மட்டும் விதியைக் கண்டிப்பாக்குவது. சோனார்க்யூப் கருவி வழக்கமாகப் பின்பற்றுவதும் இதுதான். புதிய நிரலில் நகல் 3 சதவீதத்தைத் தாண்டினால் அது சிவப்பு காட்டும், பழைய நகல்களுக்காகத் தடுக்காது. பழைய நகல் ஒன்றில் கை வைக்க வேண்டி வந்தால், முதலில் இரண்டு இடங்களுக்கும் டெஸ்ட் எழுதிக்கொண்டு, பிறகே பொது ஃபங்ஷனாகப் பிரித்தெடுக்க வேண்டும். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று டெஸ்ட் காட்டும்போது, பல வருடமாக உறங்கிக்கொண்டிருந்த பிழை ஒன்று அங்கேயே எழுந்துவரலாம். எது சரியான கணக்கு என்று அந்தத் துறைக்காரரிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கும். அந்தப் பொது ஃபங்ஷனுக்கு 'இப்படியென்றால் அது, அப்படியென்றால் இது' என்று மூன்று நான்கு சுவிட்ச் வைத்தால்தான் இரண்டு இடத்துக்கும் பொருந்தும் என்ற நிலை வந்தால், இணைப்பதை விட்டுவிடலாம். பேக்கர் 1995லேயே ஒரு மாற்று யோசனை சொல்லியிருந்தார்: நகல்களை அப்படியே இருக்க விட்டு, ஒவ்வொன்றின் மேலும் மற்றது எந்தக் கோப்பில் எங்கே இருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதி வைப்பது. அடுத்து ஒன்றைத் திருத்த வருபவர், இன்னோரிடத்தையும் திறந்து பார்ப்பார்.